நிலாவெளி வீதியில் பத்து நாள் ‘விந்து ஜயம்’ பயிற்சி: காலை வகுப்புக்குப் போகலாம், லேகியத்தை வாங்க வேண்டாம்

திருகோணமலை நகரத்தில் இருந்து நிலாவெளிக்குப் போகிற வீதியில், கடலைப் பார்த்தபடி ஒரு யோக நிலையம் இருக்கிறது. வருசத்தில் மூன்று தடவை அங்கே ‘விந்து ஜயம்’ என்று, அதாவது காமத்தையும் விந்தையும் அடக்கப் பழகுவதற்கு, பத்து நாள் தங்கிப் படிக்கும் பயிற்சி வைக்கிறார்கள். நிலையத்தின் பெயரை இங்கே போடவில்லை. கீழே குறை கொஞ்சம் கடுமையாகவே வருகிறது, ஊரும் சின்னது. கட்டணம் 42,000 ரூபா. இரண்டு நேரச் சாப்பாடு, பாய், தலகணி, நுளம்புவலை எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரு தொகுதிக்குப் பதினெட்டுப் பேர்தான்.

துண்டுப் பிரசுரத்தில் ‘காமத்தை ஓஜசாக மாற்றும் இரகசியக் கலை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஓஜஸ் என்றால் உடம்பின் உயிர்ச்சத்து. உள்ளே போனால் இரகசியம் எதுவும் இல்லை. நேரத்துக்கு எழும்பு, நேரத்துக்குச் சாப்பிடு, இடுப்படித் தசையையும் மூச்சையும் பிடிக்கவும் விடவும் பழகு, இரவில் போனைக் கொடுத்துவிட்டுப் படு. இந்த நாலையும் ஒழுங்காகச் செய்விக்கிறார்கள், அதற்குக் காசு கொடுக்கலாம். பின்னேர விரிவுரையும் வாசலில் விற்கிற லேகியமும் வேறு கதை.

காலை 4.30க்கு மணி அடிக்கும். 5 மணிக்குப் பாயில் இருக்க வேண்டும். முதல் மூன்று நாளும் மூலபந்தம், அதாவது இடுப்படித் தசையை உள்ளே பிடித்து விடுவது, மட்டும்தான். இது சரியான முடிவு. வேறு இடங்களில் முதல் நாளே மூன்று பந்தத்தையும் (உடம்பை உள்ளே பிடிக்கும் மூன்று பிடிகளையும்) கும்பகத்தோடு, அதாவது மூச்சை நிறுத்தி வைப்பதோடு, கட்டிப் போட்டு, ஆக்களை மூச்சு முட்ட வைத்து, ‘சக்தி எழும்புது’ என்று சொல்லிவிடுவார்கள்.

இருக்கை சித்தாசனம். இடது குதிக்கால் மலவாசலுக்கும் விதைப்பைக்கும் இடைப்பட்ட இடத்தில் முட்ட வேண்டும், வலது குதிக்கால் குறிக்கு மேலே அடிவயிற்றோடு சேர வேண்டும். படத்தில் பார்க்க லேசு. கதிரையிலேயே வளர்ந்த இடுப்புக்கு இது பத்து நிமிடத்தில் விறைத்துப் போகும். விறைப்பு காலில் வந்தால் பரவாயில்லை. குறியிலோ விதைப்பையிலோ உணர்வு மங்கினால் உடனே எழும்ப வேண்டும், ஏனென்றால் குதிக்கால் அழுத்துகிற அந்த வழியில்தான் அந்தப் பகுதிக்கான நரம்பு போகிறது. ‘மரத்துப் போனால் வெற்றி’ என்று சிலர் படிப்பிப்பது முட்டாள்தனம். இங்கே அப்படி இல்லை. குதிக்கால் எட்டாதவர்களுக்குச் சாரத்தை இறுக்கிச் சுருட்டி அந்த இடத்தில் வைத்து, மேலே சுகாசனத்தில், அதாவது சாதாரணமாகச் சம்மணம் கட்டி, இருக்க விடுகிறார்கள். இடுப்புக்குக் கீழே நாலு விரல் உயரத்துக்கு மடித்த போர்வை. முழங்கால் இடுப்பை விட உயர்ந்து நின்றால் முதுகு கூனும், கூனிய முதுகோடு பந்தம் பிடித்தால் வயிறு முன்னுக்குத் தள்ளும்.

அடுத்தது, ஒரே இடம் என்று எல்லோரும் நினைக்கிற மூன்று இடங்களைப் பிரித்தறிவது. பின்னால் மலவாசலைச் சுருக்கினால் அது அசுவினி முத்திரை. முன்னால் சிறுநீரை அடக்குவது போல் இழுத்தால் அது வஜ்ரோலி என்கிற, சிறுநீர் வழியை உள்ளிழுக்கும் யோக முறையின் பக்கம். இரண்டுக்கும் நடுவே, தொடையும் வயிறும் அசையாமல், உள்ளே ஒரு நூலை மேலே இழுப்பது போல் வருவதுதான் மூலபந்தம். புதிதாக வருகிறவர் மூன்றையும் சேர்த்து, கூடவே பிட்டத்தையும் தாடையையும் இறுக்குவார். ஆசிரியர் வரிசைக்கு நடுவே நடந்து ஆளாளுக்குத் தங்கள் கையாலேயே பிட்டத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். “தம்பி, குண்டி கல்லாகிட்டுது. அதை விடுங்கோ. பிடிக்கிறது உள்ளுக்க.” தம்பி விட்டதும் உள்ளே பிடித்ததும் சேர்ந்து விட்டுப் போகும். “இப்பதான் தொடங்கியிருக்கிறீங்கள். திரும்ப.” இந்தத் ‘திரும்ப’ என்ற சொல் ஒரு காலையில் நாற்பது தடவையாவது கேட்கும்.

அளவு: முழுப் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து வினாடி பிடித்து, பத்து வினாடி விட வேண்டும். பத்துத் தடவை ஒரு சுற்று, காலையில் மூன்று சுற்று, அவ்வளவுதான். விடுகிற பத்து வினாடி ஓய்வு அல்ல, பயிற்சியின் பாதி அதுதான். அந்தத் தசை முற்றாக இறங்கி அகல்வதை உணர்ந்த பிறகே அடுத்த பிடி. இதை நிலையத்தில் வடிவாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போனபின் என்ன நடக்கும் என்று சொல்வதில்லை. உற்சாகத்தில் ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு செய்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று கிழமையில் மலச்சிக்கல், சிறுநீர் தொடங்கத் தாமதம், விதைப்பைக்குப் பின்னால் ஒரு மந்தமான நோ, நீண்ட நேரம் இருந்தால் அந்த இடத்தில் உருண்டை ஒன்றின் மேல் இருப்பது போன்ற உணர்வு. சக்தி தேங்கி நிற்கிறது என்று நினைத்து இன்னும் கூட்டுவார்கள். தசை இறுகி விடத் தெரியாமல் நிற்பதுதான் காரணம். அப்போது பந்தத்தை இரண்டு மூன்று கிழமை நிறுத்த வேண்டும். குந்தி இருந்து வயிறு நிறைய மூச்சு இழுத்து விட்டு, கீழ்ப்பகுதி இறங்கப் பழக வேண்டும். நோ போகாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இன்னொன்று: சிறுநீர் போகும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது கூடாது. தசை எது என்று கண்டுபிடிக்க ஒரு தடவை பார்க்கலாம், பழக்கமாக்கினால் சிறுநீர்ப்பை முற்றாக வெறுமையாகாது.

நாலாம் நாள் வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழும். ஆசை குறையும் என்று வந்தோம், கூடி விட்டதே என்று. இதில் புதினம் இல்லை. இடுப்படித் தசையை இயக்கினால் அங்கே இரத்த ஓட்டம் கூடும். விறைப்புக் குறைபாட்டுக்கு இதே தசைப் பயிற்சியைத்தான் வைத்தியர்களும் கொடுக்கிறார்கள். மூலபந்தம் காமத்துக்குப் பூட்டு அல்ல. அலை எழும்பும் முதல் நொடியை உடம்பில் அடையாளம் காண அது பழக்குகிறது. அலை உச்சிக்குப் போன பிறகு எந்தப் பந்தமும் பிடிபடாது. தொடங்கும்போதே கண்டால், இரண்டு நீண்ட வெளிமூச்சும் எழும்பி நடப்பதும் போதும். இதை ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிடுகிறார். துண்டுப் பிரசுரத்தை எழுதியவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலும்.

நாலாம் நாளில் இருந்து மூச்சு. மூக்கின் இரு துவாரத்தாலும் மாறி மாறி மூச்சு விடும் நாடி சுத்தியை, இழுக்க 4 எண்ணிக்கை, விட 8 என்று, நிறுத்தம் இல்லாமல், ஆறு சுற்றில் தொடங்குகிறார்கள். ஏழாம் நாள் இழுத்து, நிறுத்தி, விடுவது 4:4:8. பத்தாம் நாளில்கூட 4:8:8ஐத் தாண்டுவதில்லை. சிலருக்கு இது ஏமாற்றம், ஏனென்றால் திருமந்திரத்தில் இழுப்பது பதினாறு, நிறுத்துவது அறுபத்துநாலு, விடுவது முப்பத்திரண்டு என்று படித்துவிட்டு வருகிறார்கள். அந்தக் கணக்கு மாத்திரையில். மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியமே அளந்து வைத்திருக்கிறது. அதை மணிக்கூட்டின் வினாடியாக எடுத்தால் ஒரு சுற்று 112 வினாடி ஆகும், பழகாத ஆள் அறுபதாவது வினாடியில் கண் பிதுங்கி நிற்பார். கும்பகம் கூடிப் போயிற்று என்பதற்கு அடையாளம் மிகச் சுலபம்: அடுத்த மூச்சு ‘ஹக்’ என்று பறித்துக்கொண்டு வந்தால் முந்தைய சுற்று பிழை. எண்ணிக்கையில் இரண்டைக் குறைக்க வேண்டும். இந்த ஒரு பரிசோதனையை அங்கே விடாமல் சொல்கிறார்கள், அதற்கே பாதிக் காசு தீர்ந்தது.

உட்டியாணம் எட்டாம் நாள். மூச்சை முற்றாக விட்ட பிறகு, தொடையில் கையூன்றி நின்று, மார்புக்கூட்டை விரித்து வயிற்றை உள்ளே மேலே எடுப்பது. வயிற்றைத் தசையால் உள்ளே தள்ளுவது அல்ல. மூச்சு இழுக்கிறது போல் பாவனை செய்து, இழுக்காமல் இருந்தால் வயிறு தானாகப் போகும். இரத்த அழுத்தம், குடலிறக்கம், வயிற்றுப் புண், கண் அழுத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், மாதவிலக்கில் இருப்பவர்களும் செய்யக் கூடாது. இந்தப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆனால் பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை. சுவரை வாசிக்காத ஆள் அழுத்தக் குளிசை குடித்துக்கொண்டே வயிற்றை எக்குவார்.

சாப்பாடு 10.30க்கும் மாலை 6க்கும். காலையில் குரக்கன் கூழ் அல்லது சிவப்பரிசிச் சோறு, பயற்றங்கறி, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணிச் சுண்டல், மோர். மாலையில் இடியப்பமும் சொதியும், ஆளுக்கு ஐந்து. வெங்காயம், உள்ளி, மீன், முட்டை, முருங்கைக்காய் இல்லை. திருகோணமலையில் பத்து நாள் மீன் வாசம் இல்லாமல் இருப்பதே ஒரு தவம்தான், பக்கத்து வளவில் கருவாடு காயும்போது அது இன்னும் கூடும். ‘உள்ளி சாப்பிட்டால் விந்து கலங்கும்’ என்ற விளக்கத்தை நம்பத் தேவையில்லை. ஆனால் படுப்பதற்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக, பாரமில்லாமல் சாப்பிட்டால் இரவு நல்லாகப் போகும். நிறைந்த வயிறும் நிறைந்த சிறுநீர்ப்பையும் விடியற்காலையில் என்ன செய்யும் என்று ஆண்களுக்குத் தெரியும். 7 மணிக்குப் பிறகு தண்ணீர் அரைக் கோப்பைதான் என்ற விதியும் அதனால்தான். பகலில் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது உடம்பு காய்ந்துவிடும்.

மாலை 5.15க்கு இடுப்புக் குளியல். பிளாஸ்ரிக் பேசினில் கிணற்றுத் தண்ணீர், தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே வரை, எட்டு முதல் பத்து நிமிடம். கால் வெளியே காய்ந்தபடி இருக்க வேண்டும். எழும்பியதும் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். ஐஸ் போடக் கூடாது. சிறுநீர்த் தொற்று உள்ளவர் அது மாறும்வரை தவிர்க்க வேண்டும்.

போன் 7 மணிக்கு அலுமாரிக்குள் போகும், காலை 11க்குத்தான் வரும். பத்து நாளில் எது கூடுதலாக வேலை செய்தது என்று கேட்டால், வெளியே வருகிறவர்களில் பாதிப்பேர் மூலபந்தத்தைச் சொல்வதில்லை, அலுமாரியைச் சொல்வார்கள். படுக்கையில் தனியே, கையில் திரையோடு, பதினொரு மணிக்கு எந்தச் சாதகனும் தோற்பான். அந்த நேரத்தையும் இடத்தையும் பொருளையும் பிரித்து வைப்பதற்கு யோகிகள் சொல்கிற சுழுமுனை நாடி தேவையில்லை, சாவி ஒன்று போதும்.

இனி 2.30 விரிவுரை. வெக்கை நேரம், தகரக் கூரை, வேறொருவர் பேசுகிறார். நாற்பது துளி இரத்தம் ஒரு துளி விந்து. ஒரு தடவை போனால் ஒரு மாதச் சாப்பாடு வீண். அடக்கினால் அது முள்ளந்தண்டு வழியே ஏறி மூளைக்குப் போகும். இதையே மூன்று நாள்.

ஏழு தாதுக் கணக்கு ஆயுர்வேதத்தில் உள்ளதுதான்: இரசம், இரத்தம், மாமிசம், மேதஸ், அஸ்தி, மஜ்ஜை, கடைசியில் சுக்கிலம். அது உடம்பைப் பார்க்கிற ஒரு பழைய ஒழுங்கு. அதை இரத்த வங்கிக் கணக்காக்கும்போதுதான் பிழைக்கிறது. வெளியேறுவது ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 1.5 முதல் 5 மில்லிலீற்றர். அதில் விந்தணு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு, மீதி விந்துப்பையும் புரோஸ்ரேட்டும் சுரக்கிற நீர். அதிலுள்ள புரதம் கால் கிராம் அளவு. ஒரு முட்டையில் ஆறு கிராம். விந்தணு ஒன்று உருவாக இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்கும், ஆனால் உற்பத்தி நிற்பதில்லை. வெளியே போகாதவை உள்ளேயே சிதைந்து உறிஞ்சப்படும். முள்ளந்தண்டுக்கு அங்கிருந்து குழாய் எதுவும் இல்லை.

ஏறுகிறது என்று யோக நூல்கள் சொல்வது எதை? ஹடயோக பிரதீபிகை சொல்கிற முக்கியமான இணைப்பு, காற்று அசைந்தால் சித்தம் அசையும், சித்தம் அசைந்தால் விந்து அசையும் என்பது. பிடிக்க வேண்டியது மூச்சையும் மனதையும், திரவத்தை அல்ல. விரிவுரையாளர் அடிக்கடி மேற்கோள் காட்டுகிற பதஞ்சலி சூத்திரத்திலும் (2.38) இதே சிக்கல்தான். பிரம்மச்சரியம் நிலைத்தால் ‘வீரியம்’ கிடைக்கும் என்பதை அவர் விந்து என்று மொழிபெயர்க்கிறார். அதே சொல் 1.20இல் சிரத்தை, வீரியம், ஸ்மிருதி, சமாதி, பிரக்ஞை என்று வருகிறது. அங்கே யாரும் விந்து என்று பொருள் சொல்வதில்லை. ஊக்கம், விடாமுயற்சி, அவ்வளவுதான்.

‘ஏழு நாள் அடக்கினால் ஆண் ஓமோன் ஒன்றரை மடங்கு’ என்றும் ஒரு வசனம் வரும். அது 2003இல் சீனாவில் 28 ஆண்களை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. ஏழாம் நாள் ஏறியது, அதன் பிறகு அப்படி ஒரு ஏற்றம் தொடரவில்லை. விரிவுரையில் முதல் பாதி மட்டும் வருகிறது. உடல்நலக் காரணத்துக்காகப் பிரம்மச்சரியம் என்று வாதாட வெளிக்கிட்டால் மறுபக்கமும் இருக்கிறது. 2016இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், அடிக்கடி விந்து வெளியேறியவர்களிடம் புரோஸ்ரேட் புற்றுநோய் குறைவாகத்தான் காணப்பட்டது. சாதனைக்காக அடக்குபவர் சாதனைக்காக அடக்கட்டும், வைத்தியத்தை ஏன் சாட்சிக்கு இழுப்பான்?

இவை வெறும் தகவல் பிழை என்றால் விட்டுவிடலாம். நாட்குறிப்பு விசயத்தை விட முடியாது. ஆளுக்கொரு கொப்பி கொடுத்து, கனவில் வெளியேறினால் ‘தோல்வி’ என்று எழுதி அடுத்த நாள் பட்டினி இருக்கச் சொல்கிறார்கள். சொப்பன ஸ்கலிதம் உடம்பின் இயல்பு. அடக்கத்தின் முதல் மாதங்களில் கூடவும் செய்யலாம். பிரம்மச்சாரிக்கு மிகக் கடுமையாக விதி வகுத்த மனு சாத்திரம்கூட, அறியாமல் கனவில் நடந்தால் குளித்து, சூரியனை வணங்கி, ஒரு மந்திரத்தை மூன்று தடவை சொல் என்பதோடு விடுகிறது. பட்டினி இல்லை, தோல்வி இல்லை. இந்தத் தீவிலும் தமிழ்நாட்டிலும் பேப்பர் விளம்பரங்கள் நூறு வருசமாக ‘தாது நட்டம்’ என்று பெடியளைப் பயப்படுத்திக் காசு பார்த்தாயிற்று. களைப்பு, குற்ற உணர்வு, சிறுநீர் கலங்கினால் விந்து போகிறது என்ற பயம் என்று வருகிற இந்த நிலைக்கு 1960இல் இந்திய மனநல வைத்தியர் விக் ‘தாது நோய்க்குறி’ (Dhat syndrome) என்று பெயரே வைத்தார். சிறுநீரில் காணும் வெள்ளை பெரும்பாலும் பொஸ்பேற் உப்பு. பத்தொன்பது வயதுப் பெடியன் கையில் ‘தோல்வி’ என்று எழுதிய கொப்பியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது சாதனை அல்ல. நோயைக் கையில் கொடுத்து அனுப்புவது.

வஜ்ரோலியில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும். குழாய் செருகித் தண்ணீரோ பாலோ உறிஞ்சும் பழைய முறையை அவர்கள் தொடுவதில்லை, தொடக் கூடாது, கிருமித் தொற்றுக்கும் சிறுநீர்க்குழாய்க் காயத்துக்கும் அதைவிடக் குறுக்கு வழி இல்லை. தசைச் சுருக்கம் மட்டும்தான் படிப்பிக்கிறார்கள். கெட்டது, கேள்வி நேரத்தில் வருகிறது. மணமானவர் ஒருவர் கேட்டால், ‘கடைசி நொடியில் விதைப்பைக்குப் பின்னால் மூன்று விரலால் அழுத்துங்கோ, மேலே ஏறும்’ என்பது பதில். ஏறாது. வழி அடைபட்டுச் சிறுநீர்ப்பைக்குள் பின்வாங்கும், அடுத்த தடவை சிறுநீரோடு கலங்கலாக வெளியேறும். பழக்கமாக்கினால் நோவும் வரலாம், பிள்ளைக்குக் காத்திருக்கும் தம்பதிக்கு இன்னும் வில்லங்கம்.

மணமானவர்களுக்கு நிலையத்திடம் சொல்ல வேறொன்றும் இல்லை என்பது பெரிய குறை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பரியங்க யோகம் என்று, கணவன் மனைவி கூடலை யோகமாகச் சொல்கிற, ஒரு பகுதியே இருக்கிறது. தமிழ்ச் சித்தர் வழி இல்லறத்தை வாசலுக்கு வெளியே விடவில்லை. அந்தப் பகுதியைப் படிப்பிக்கச் சொல்லவில்லை, தகுந்த குரு இல்லாமல் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. ஆனால் மனைவியிடம் கேட்காமல் ஒருவர் பத்து நாள் பயிற்சி முடிந்து ஆறு மாத விரதத்தோடு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு வசனமாவது பேச வேண்டாமா? இருவரும் சேர்ந்து முடிவெடுத்து, பௌர்ணமி முதல் அமாவாசை வரை, அல்லது கந்தசஷ்டி ஆறு நாள் என்று கால அளவு வைத்தால் அது விரதம். ஒருவர் தனியே அறிவித்தால் அது தண்டனை.

பெண்களையும் சேர்க்கிறார்கள், ஒரு தொகுதியில் நாலைந்து பேர். காலை வகுப்பு அவர்களுக்கும் அப்படியே பொருந்தும், உண்மையில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு மூலபந்தத்தின் ‘பிடி, விடு’ இன்னும் கூடப் பிரயோசனம். விரிவுரையில் அவர்கள் ‘தவிர்க்க வேண்டிய பொருள்’ பட்டியலில் முட்டைக்கும் சினிமாவுக்கும் இடையே வருகிறார்கள். முன்வரிசையில் இருந்து அதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்கள், பாவம்.

கடைசியாக லேகியம். ‘ஓஜஸ்’ என்று லேபிள், 250 கிராம் போத்தல் 3,800 ரூபா, பயிற்சி முடிந்து ஒரு மண்டலம் சாப்பிட வேண்டுமாம். சேர்மானத்தை வாசியுங்கள்: அமுக்கரா, பூனைக்காலி விதை, நெருஞ்சில், நிலப்பனைக் கிழங்கு, சாத்தாவாரி, சாதிக்காய், நெய், சீனி. ஆயுர்வேதம் தெரிந்த யாருக்கும் சிரிப்பு வரும். இது அப்படியே வாஜீகரணச் சேர்மானம். வாஜி என்றால் குதிரை. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்றான அது, ஆசையும் விந்தும் கூட, புது மாப்பிள்ளைக்கும் பிள்ளை இல்லாதவருக்கும் கொடுக்கிற பகுதி. பத்து நாள் நெருப்பை அணைக்கப் படிப்பித்து, வாசலில் நெய்ப் போத்தல் விற்கிறார்கள். பக்க விளைவும் உண்டு. பூனைக்காலி விதையில் இயற்கையாகவே எல்-டோபா (பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற மருந்துப் பொருள்) இருக்கிறது, குமட்டும், மனநலக் குளிசை எடுப்பவருக்கும் பார்கின்சன் மருந்து எடுப்பவருக்கும் ஆபத்து. அமுக்கரா தைரொயிட் மருந்தோடு ஒத்துப்போகாது, அரிதாக ஈரலையும் பாதித்திருக்கிறது. நெய்யும் சீனியும் யாருக்கு ஆகாது என்று சொல்லத் தேவையில்லை, நீரிழிவு இல்லாத வீடு இப்போது எங்கே.

யார் போகக் கூடாது: முன்பு மனநோய்க்கு மருந்து எடுத்தவர், வலிப்பு உள்ளவர், அண்மையில் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர். அங்கே போன பிறகு இரண்டு மூன்று இரவு தூக்கமே வராமல், களைப்பும் தெரியாமல், எண்ணம் பறந்துகொண்டிருந்தால், குரல் கேட்டால், பயிற்சியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ‘குண்டலினி எழும்பிட்டுது, பயப்படாதீங்கோ’ என்று யார் சொன்னாலும்.

போகிறவர்களுக்கு: மாசி முதல் சித்திரை வரையான தொகுதி நல்லது. ஐப்பசிக்குப் பிறகு வாடை மழையில் காலை மண்டபம் ஈரம், பாய் பூஞ்சணம் பிடிக்கும். ஆடித் தொகுதியில் பகல் வெக்கைக்குக் கபாலபாதியை (மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சியை) பாதியாகக் குறையுங்கள். நகரப் பஸ் நிலையத்தில் இருந்து நிலாவெளி பஸ் ஏறினால் போதும், ஓட்டோக்காரர் கேட்கிற காசு கூட. வெள்ளிக்கிழமை பின்னேரம் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போகிறார்கள், அன்றைக்கு விரிவுரை இல்லை, கோட்டைக்குள் மான் பார்த்துக்கொண்டு ஏறலாம். மூன்றாம் நாளுக்குள் விட்டுப் போனால் பாதிக் காசு திருப்பித் தருவார்கள், பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். சாரம் மூன்று, ஒரு தடித்த போர்வை, சொந்த பேசின் ஒன்று. நிலையத்தில் ஆறு பேசின்தான் இருக்கிறது, பதினெட்டுப் பேர். மூன்றாம் முறைக்காரர் தண்ணீரில் இறங்கும்போது சாப்பாட்டு மணி அடித்துவிடும், இடியப்பமும் ஆறிவிடும்.